பிறெயில் எழுத்தும் கணினியும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

விழிப்புலனற்றோர் கணினியிற் கைக்கொள்ளும் பிறெயில் காட்டியை வெறும் இயந்திர வரலாறாக நாம் நோக்குதல் பொருந்தாது. லூயி பிறெயில் 1829இல் வெளியிட்ட எழுத்துமுறையை, 1840களின் தொடக்கத்தில், அவர் கற்பித்த பரிஸ் பள்ளியின் நிர்வாகமே தடைசெய்தது. பார்வையுடையோர் வாசிக்கவியலாத எழுத்து அவர்க்கு உவப்பாயில்லை போலும்! மாணவர் மறைவிற் பயின்றே அதனைக் காத்தனர்.

ஆறு புள்ளிகள் 64 சேர்க்கைகளையே தருவன. கணினியின் 256 குறியீடுகளுக்கு ஈடாகக் காட்டியில் எட்டுப் புள்ளிகள் அமைந்தன. மின்னழுத்தத்தால் வளையும் பீங்கான் தகடுகள் ஊசிகளை உயர்த்த, திரையின் ஒரு வரி விரலுக்கு எட்டுகிறது. பேச்சொலியில் மறைந்துபோகும் எழுத்துக்கூட்டலும் நிறுத்தக்குறியும் இங்கு நேரே புலனாகின்றன. ஆயின் 40 எழுத்துகள் கொண்ட காட்டியொன்றுக்கு 320 ஊசிகள் வேண்டும். வாங்குவோர் தொகையோ சிறிது. சாதாரண கணினியின் விலையை அதன் விலை பன்மடங்கு விஞ்சுவது இவற்றாலேயே.