ஏற்றம் எஞ்சினுக்கு, இறக்கம் பிரேக்குக்கு: கொடைக்கானல் சாலையும் ஒரு பழைய லாரியின் குழாய்களும்

"முட்டுக்கட்டை போடுறான்" என்று யாரையாவது திட்டும்போது நமக்கு வண்டிச் சக்கரம் ஞாபகத்துக்கு வருவதில்லை. ஆனால் அந்தச் சொல் அங்கிருந்துதான் வந்தது. மேட்டில் நிற்கும் வண்டி பின்னால் உருளாமல் இருக்கச் சக்கரத்துக்கு அண்டைக் கொடுக்கும் கட்டை அது. இன்றைக்கும் மலைச்சாலையில் லாரி நின்றால் கிளீனர் முதலில் குதித்து இறங்கித் தேடுவது ஒரு கல்லையோ கட்டையையோதான். நாம் தடை என்று திட்டும் பொருள், மலையில் உயிர் காக்கும் பொருள். இந்தக் கட்டுரை அந்தக் கட்டையின் பேரப்பிள்ளையான பிரேக் குழாயைப் பற்றியது.

கொடைக்கானல் வரலாறு என்று எதை எடுத்துப் படித்தாலும் அது ஏறிய கதையாகத்தான் இருக்கும். 1821இல் லெப்டினன்ட் வார்டு நில அளவைக்காக ஏறினார். 1845இல் அமெரிக்க மிஷனரிகள் ஏறி வீடு கட்டினார்கள். 1863இல் வெர் லெவிஞ்ச் ஏரியை உருவாக்கினார். யார் எப்படி இறங்கினார்கள் என்று யாரும் எழுதுவதில்லை. இறங்குவது சும்மா நடக்கும் விஷயம் என்ற நினைப்புதான் காரணம்.

1875இல் ரயில் பாதை அம்மையநாயக்கனூரைத் தொட்டது. இன்று கொடைக்கானல் ரோடு என்று நாம் சொல்லும் ஸ்டேஷன் அதுதான். அங்கிருந்து மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கம் மலையடிவாரத்துக் கிருஷ்ணமநாயக்கன் தோப்பு வரை போகணும். அதற்கு மேல் குதிரை, டோலி, இல்லையென்றால் நடை. துரைமாரையும் அவர்கள் வீட்டுப் பெண்களையும் குழந்தைகளையும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறியவர்கள் நம்ம ஊர்க் கூலியாட்கள். அதே ஆட்கள்தான் திரும்ப இறக்கியும் விட்டார்கள். முழங்கால் வலிக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் காரணம் என்று மலையில் நடந்தவர்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் கொடைக்கானலின் பிரேக் என்பது மனிதர்களின் முழங்கால்.

1910களின் நடுவில் வத்தலக்குண்டு பக்கமிருந்து வண்டிகள் போகும் சாலை முடிந்தது. மேஜர் லா பெயரால் லாஸ் காட் ரோடு என்று அழைக்கப்படும் சாலை. அதற்குப் பிறகு மோட்டார் வந்தது. முழங்கால் செய்த வேலையைப் பிரேக் செய்ய வேண்டி வந்தது.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொழில் சாஃப்ட்வேர் என்பதால் கணக்குப் போடாமல் எனக்குத் தூக்கம் வராது. வத்தலக்குண்டுக்கும் கொடைக்கானலுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,800 மீட்டர். சரக்கோடு சேர்த்து 10 டன் லாரி ஒன்று மேலிருந்து கீழே வருகிறது. எடை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் சுமார் 17 கோடியே 60 லட்சம் ஜூல். நம்ம பாஷையில் சொன்னால், அறை வெப்பத்தில் இருக்கும் தண்ணீரைச் சூடாக்கி, கொதிக்கவிட்டு, சொட்டுக்கூட இல்லாமல் ஆவியாக்க அந்தச் சக்தி சுமார் 68 லிட்டருக்குப் போதும். அதாவது ஐந்தாறு குடம். இவ்வளவு சூடும் எங்காவது போயாகணும். கொஞ்சம் காற்று தடுக்கும், கியரில் இறங்கினால் எஞ்சின் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதி அத்தனையும் சக்கரத்தில் இருக்கும் டிரம்முக்கும் லைனிங்குக்கும்தான்.

இதில் இன்னொரு விஷயத்தையும் பாருங்க. கொடைக்கானல் விளைவிக்கிற ஊர். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், கேரட், பேரிக்காய், பிளம்ஸ், 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு எல்லாம் கீழே போகிற சரக்கு. தோல் பதனிடும் பட்டைக்கும் கூழுக்கும் என்று நட்ட வேட்டில், யூகலிப்டஸ் மரங்களும் அப்படித்தான். எனவே விளைச்சல் காலத்தில் லாரி முழுப் பாரத்தோடு இருப்பது இறக்கத்தில். எஞ்சினுக்கு வேலை குறைவு, பிரேக்குக்கு வேலை அதிகம். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்று சாலை விதி சொல்கிறது. அந்த விதியை மதிக்க இறங்கும் வண்டியால் நிற்க முடியணும்.

ஆரம்பகால மோட்டார் வண்டிகளில் பிரேக் என்பது கம்பியும் கயிறும் நெம்புகோலும்தான். நாலு சக்கரத்துக்கும் ஒரே அளவு இழுவை கொடுப்பது பெரும்பாடு. ஒரு பக்கம் அதிகமாகப் பிடித்தால் வண்டி அந்தப் பக்கம் திரும்பிவிடும். கொண்டை ஊசி வளைவில் அப்படி ஆனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இதற்கு விடை 17ஆம் நூற்றாண்டிலேயே பாஸ்கல் சொல்லி வைத்ததுதான்: மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லா இடத்துக்கும் சமமாகப் போகும். அதை வண்டிக்குக் கொண்டுவந்தவர் மால்கம் லாக்ஹீட் என்ற அமெரிக்கர். விமானக் கம்பெனியின் பெயரில் இருக்கும் அதே குடும்பம். 1917 வாக்கில் காப்புரிமைக்குப் போனார். 1921இல் டியூசன்பர்க் கார், 1924இல் கிரைஸ்லர். ஃபோர்டு மட்டும் பிடிவாதமாக 1939 வரை ஹைட்ராலிக் பக்கம் வரவில்லை.

அந்த ஆரம்பகால பிரேக் ஆயிலில் என்ன இருந்தது தெரியுமா? ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும். ஆமாம், பாட்டி நம்மைப் பிடித்து வைத்துக் குடிக்க வைத்த அதே விளக்கெண்ணெய். காரணம் இருக்கிறது. அன்றைய சீல்கள் இயற்கை ரப்பர். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிப் பிசுபிசுத்துவிடும். விளக்கெண்ணெய் அதை ஒன்றும் செய்யாது. பின்னால் கிளைக்கால் வகைத் திரவங்கள் வந்தன. இன்று நாம் வாங்கும் டாட் 3, டாட் 4 எல்லாம் அந்த வகை.

நம்ம ஊருக்கு இந்த நுட்பம் இறக்குமதி வண்டிகளோடு வந்தது. 1962ஐ ஒரு முக்கியமான ஆண்டாகச் சொல்வேன். மதுரையில் 1911இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய நிறுவனத்தின் வழிவந்த குழுமம், அந்த ஒரே ஆண்டில் சென்னை பாடியில் இரண்டு பிரேக் கம்பெனிகளைத் தொடங்கியது. லூகாஸ் கர்லிங்கோடு சேர்ந்து பிரேக்ஸ் இந்தியா, கிளேட்டன் டிவாண்டரோடு சேர்ந்து சுந்தரம் கிளேட்டன். பஸ் ஓட்டிப் பிழைப்பைத் தொடங்கிய குடும்பம் பிரேக் செய்யப் போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. மதுரையைச் சுற்றிப் பாருங்க, கொடைக்கானல், சிறுமலை, மேகமலை, குமுளி. எந்தப் பக்கம் போனாலும் ஒரு மலை.

இனி நாயுடுபுரத்துக்கு வருகிறேன். அங்கே நண்பர் ஒருவரின் ஷெட்டில் ஒரு பழைய பெட்ஃபோர்டு லாரி நிற்கிறது. அவர் அப்பா காய்கறி ஏற்றிய வண்டி. பல வருஷமாக ஓடவில்லை. மறுபடி ஓட்டணும் என்று ஆசைப்பட்டு, வத்தலக்குண்டிலிருந்து ஒரு பெரியவரை வரவழைத்தார். ஐம்பது வருஷமாக லாரி வேலை பார்ப்பவர். நான் இரண்டு நாள் கூடவே இருந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன்.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்ததும் அவர் முதலில் தொட்டது கிளிப்புகளை. "குழா நடுவுல ஓட்டையாகாது தம்பி. கிளிப்பு எங்க இறுக்கிப் பிடிச்சிருக்கோ அங்கதான் சேறு தங்கும், ஈரம் தங்கும், அங்கதான் அரிக்கும்" என்றார். கிளிப்பை எடுத்தபோது அடியில் குழாய் பாதி கனம்தான் இருந்தது. பழைய எஃகுக் குழாயைப் பண்டி குழாய் என்பார்கள். எஃகுத் தகட்டை இரண்டு சுற்றாகச் சுருட்டி, செம்பு வைத்துப் பற்றவைத்தது. புதுசாக இருக்கும்போது பிரேக் அழுத்தத்தைப் போல் பல மடங்கு தாங்கும். மூடுபனியும் மழையும் வருஷக்கணக்கில் நனைத்த ஊரில் வெளியிலிருந்து துரு தின்னும்.

உள்ளேயும் தின்னும். கிளைக்கால் வகை ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்ச உறிஞ்ச அதன் கொதிநிலை இறங்கும். டாட் 3 ஆயில் புதுசில் குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 140 டிகிரி. மலை இறக்கத்தில் டிரம் பக்கத்தில் அந்தச் சூடு சாதாரணம். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவி அமுங்கும், அழுத்தம் கடத்தாது. மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. இதில் ஒரு சூழ்ச்சி உண்டு: ஓடும்போது காற்று பட்டு டிரம் கொஞ்சம் ஆறும். டீக்கடையில் நிறுத்தும்போதுதான் டிரம்மின் சூடு மெதுவாக வீல் சிலிண்டருக்கு ஏறும். டீ குடிக்கும் வரை நன்றாக இருந்த பிரேக், டீ குடித்து வந்து மிதித்தால் இருக்காது.

பெரியவர் வேலை செய்த முறையைச் சொல்கிறேன். பழைய குழாயைச் சும்மா அறுத்துப் போடவில்லை. ஒவ்வொன்றையும் முழுசாகக் கழற்றி, அதன் வளைவைக் கட்டுக்கம்பியில் படி எடுத்தார். புதுக் குழாயை ஹாக்சா பிளேடால் வெட்டவில்லை, உருளைக் கட்டரால் வெட்டினார். அரத்தூள் ஒரு துணுக்கு உள்ளே போனால் ரப்பர் கப்பைக் கீறிவிடும். வெட்டியதும் நட்டை முதலில் குழாயில் கோத்துவிட்டுத்தான் முனையை விரித்தார், அதுவும் இரட்டை மடிப்பாக. ஒற்றை மடிப்பு விரிசல் விடும் என்றார். மாஸ்டர் சிலிண்டர் பக்கம் குழாயை ஒரு சுருள் சுற்றிவிட்டார், அதிர்வை அது வாங்கிக்கொள்ளும். செம்புக் குழாய் வளைக்கச் சுலபமாச்சே என்று கேட்டேன். "அது ஆட ஆட இறுகும் தம்பி, இறுகினா ஒடையும்" என்றார். உலோகவியல் புத்தகமும் அதைத்தான் சொல்கிறது. செம்போடு பத்துக்கு ஒரு பங்கு நிக்கல் சேர்த்த குழாய் என்றால் துருவும் பிடிக்காது, சீக்கிரம் ஒடியவும் செய்யாது. வால்வோ 1970களிலேயே அதற்கு மாறிவிட்டது.

கடைசியில் ஏர் எடுக்கும் வேலை. தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக வரணும். நண்பர் கேபினில் மிதிக்க, பெரியவர் அடியில் நிப்பிளைத் திறக்க, "மிதி... பிடி... விடு" என்று சாயங்காலம் வரை போனது. மிதி கல் மாதிரி நின்றதும்தான் அண்ணன் எழுந்தார்.

நண்பருக்கும் அவருக்கும் ஒரு வாக்குவாதம் வந்தது. நண்பர் வண்டி அப்பா காலத்தில் இருந்தபடியே இருக்கணும் என்கிறார். அந்த லாரியில் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஒரே வழி. நாலு சக்கரக் குழாயில் எது ஒன்று போனாலும் காலுக்குக் கீழே பிரேக் மொத்தமும் போச்சு. எங்கள் தொழிலில் இதற்கு ஒற்றைப் புள்ளித் தோல்வி என்று பெயர். இன்றைய வண்டிகளில் பிரேக் வழி இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒன்று போனாலும் மற்றது நிறுத்தும். அமெரிக்காவில் 1968 முதல் கார்களுக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள். "அதே மாதிரி இதுலயும் ரெண்டா பிரிச்சிரலாம்ணே" என்று நான் சொன்னேன். நண்பர் முகம் வாடிவிட்டது.

இந்த யோசனை அமெரிக்காவில் பிறந்தது என்று நினைக்க வேண்டாம். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் எதற்கு ஒப்பிடுகிறார் தெரியுமா? உப்பு வணிகர்கள் வண்டிக்கு அடியில் கட்டிக்கொண்டு போகும் சேம அச்சுக்கு. வழியில் பள்ளம் வருமோ மேடு வருமோ, யாருக்குத் தெரியும் என்று உமணர்கள் கூடுதலாக ஓர் அச்சு வைத்திருந்தார்கள். தலைவனைப் புகழ ஓர் உதிரிப் பாகத்தை உவமை சொன்ன மொழி இது. பிற்காலத்தில் நாம் வேல்ஸ் நாட்டுத் தெரு ஒன்றின் பெயரால் ஸ்டெப்னி என்று சொல்லப் பழகியதும் அதே அறிவுதான்.

பெரியவர் நடுவழி ஒன்று சொன்னார். கைப்பிரேக் இருக்கிறதே, அது ஆயிலை நம்பாமல் கம்பியால் இயங்குவது. அதுதான் இந்த வண்டியின் சேம அச்சு. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளும் தனித்தனியாக இயங்கும் கால் பிரேக்கும் நிறுத்தப் பிரேக்கும் வேண்டும் என்றுதான் கேட்கின்றன. ஓடாத வண்டி என்று துருப்பிடிக்க விட்ட அந்தக் கைப்பிரேக்கைப் பிரித்து, எண்ணெய் போட்டு, புது லைனிங் அடித்து, சரிவில் நிறுத்திக் காட்டினார். பிறகு இரண்டு நிபந்தனை போட்டார். சரக்கு ஏற்றக் கூடாது. எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விடாதே. அணைத்தால் பிரேக்குக்குத் துணை நிற்கும் வேக்குவமும் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். டீசல் மிச்சம் பிடிக்கப் போய் மலையில் போன உயிர்கள் எத்தனையோ.

பழைய வண்டிகளைக் காப்பாற்றும் ஆர்வம் உள்ளவர்களுக்கு என் கருத்து இதுதான்: பெயின்ட், கேபின் மரம், ஹாரன், விளக்கு எல்லாவற்றையும் பழசாகவே வையுங்கள். குழாயும் ரப்பரும் ஆயிலும் மட்டும் புதுசாக இருக்கட்டும். ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கழற்றிய பழைய குழாய்களை எறிய வேண்டாம். நண்பர் அவற்றை ஷெட் சுவரில் ஆணி அடித்து மாட்டி, எது எந்தச் சக்கரத்துக்கு என்று சாக்பீஸில் எழுதி வைத்திருக்கிறார். அதுவும் ஆவணம்தான்.

உங்கள் வீட்டில் தாத்தாவோ பெரியப்பாவோ அந்தக் காலத்தில் இந்த மலையில் லாரி ஓட்டியிருந்தால், எப்படி ஏறினீர்கள் என்று கேட்காதீர்கள். அதை எல்லாரும் கேட்டுவிட்டார்கள். எப்படி இறங்கினீர்கள் என்று கேளுங்கள்.