தீனிப் புதிரும் பூனையின் அறிவும்

உணவைக் கைக்கு எட்டாதபடி மறைத்து வைத்து, அதை எடுக்கும் வழியைப் பூனையே கண்டுபிடிக்கும்படி விடும் ஏற்பாடுதான் தீனிப் புதிர். கவிழ்த்த கிண்ணங்களில் ஒன்றின் அடியில் வைத்த மீன் துண்டு, உருட்டினால் துளை வழியே உணவு உதிரும் பந்து, மூடியைத் தள்ளித் திறக்க வேண்டிய பலகை ஆகியவை வீடுகளில் அதிகம் காணப்படும் வகைகள். வீட்டை விட்டு வெளியே போகாத பூனைகளுக்கு உணவூட்டும் முறையாகக் கால்நடை மருத்துவர்கள் இவற்றைப் பரிந்துரைக்கிறார்கள். வளர்ப்பவர்களோ பல நேரம் இவற்றைப் பரீட்சையாகவே நடத்துகிறார்கள்: சட்டென்று எடுத்தால் கெட்டிக்காரப் பூனை, பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டால் மந்தம். இந்தத் தீர்ப்புக்கு ஆதாரம் மிகக் குறைவு. முயலவே செய்யாத பூனையின் அறிவைப் பற்றிப் புதிர் எதையும் சொல்வதில்லை. அது உண்மையிலேயே முயல்கிறது என்பதைத் தனியாக உறுதிசெய்த பிறகுதான் அதன் வெற்றிக்கும் தோல்விக்கும் பொருள் வருகிறது.

பூனையைப் புதிருக்குள் அடைத்துப் பார்க்கும் வழக்கம் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1898-இல் வெளியிட்ட ஆய்வேட்டிலிருந்து தொடங்குகிறது. அதற்கு முன் விலங்கறிவைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் கதைகளையே நம்பியிருந்தன. 1882-இல் ஜார்ஜ் ரோமானிஸ் எழுதிய நூலில் கதவின் தாழைத் தாவித் திறந்த பூனைக்கு மதிப்பான இடம் இருந்தது. தாழைத் திறக்கத் தெரியாமல் கதவருகே கத்திக்கொண்டிருந்த ஆயிரம் பூனைகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பது தார்ன்டைக்கின் மறுப்பு. இன்று கைபேசிக் காணொளிகளுக்கும் அது அப்படியே பொருந்தும். பசித்த பூனையை அவர் மரச்சட்டப் பெட்டியில் விட்டார். வெளியே உணவு தெரிந்தது. கயிற்று வளையத்தை இழுப்பது, மிதியை அழுத்துவது போன்ற செயலால்தான் கதவு திறக்கும். முதலில் பூனை பிறாண்டியது, கடித்தது, கம்பிகளுக்கிடையே நுழையப் பார்த்தது. தற்செயலாக ஒருமுறை கதவு திறந்தது. பல முறை திரும்பச் செய்யச் செய்ய, வெளியேற எடுத்த நேரம் சிறுகச் சிறுகக் குறைந்தது. திடீரென்று ஏதோ புரிந்ததுபோல ஒரே வீழ்ச்சி இல்லை. ஆகவே பூனை யோசித்துத் தீர்ப்பதில்லை, பலன் தந்த அசைவைப் பற்றிக்கொள்கிறது என்று அவர் முடிவு செய்தார். ஜெர்மானிய உளவியலாளர் வொல்ப்காங் கோலர் இதற்குச் சொன்ன மறுப்பு இன்றும் வலுவானது: இழுக்கும் வளையத்துக்கும் திறக்கும் கதவுக்கும் நடுவே உள்ள பொறி பூனையின் கண்ணில் படாதபோது, அதைப் புரிந்துகொள்ள வாய்ப்பே தரப்படவில்லை. கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் புதிர்கள் பலவற்றிலும் இதே குறை உண்டு. பொறி உறைக்குள் மறைந்திருக்கிறது.

பெட்டிக்குள் நடப்பதை மனிதர் எவ்வளவு தவறாகப் படிக்கக்கூடும் என்பதற்கு அடுத்து வந்த ஆய்வே சான்று. எட்வின் கத்ரி, ஜார்ஜ் ஹார்ட்டன் என்ற இருவர் 1946-இல் வெளியிட்ட நூலில், பெட்டியின் உள்ளே நட்டிருந்த கோலைச் சாய்த்தால் கதவு திறக்கும்படி வைத்திருந்தார்கள். பூனைகள் கோலின்மீது விலாவை உரசி உரசிக் கதவைத் திறந்தன. ஒவ்வொரு பூனையும் முறைக்கு முறை ஏறக்குறைய ஒரே அசைவையே செய்தது. ஒருமுறை பலித்த அசைவு அப்படியே படிந்துவிடுகிறது என்ற கற்றல் கொள்கைக்கு இது சான்றாகக் காட்டப்பட்டது. 1979-இல் மூர், ஸ்டட்டார்ட் என்ற இருவர் கதவு திறக்கும் ஏற்பாடே இல்லாமல் அதைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மனிதர் கண்ணில் பட்டால் பூனை கோலை உரசியது; ஆள் இல்லையென்றால் உரசவில்லை. அந்த உரசல் ஆளைக் கண்டால் பூனைகள் வழக்கமாகச் சொல்லும் முகமன். எதிரே உட்கார்ந்து குறிப்பெடுத்தவர்கள் தங்களுக்குச் சொல்லப்பட்ட வணக்கத்தையே கற்றல் விதியாகப் பதிந்துவிட்டார்கள். வீட்டில் புதிரை வைத்துவிட்டு, வளர்த்தவர் முன்னால் குந்தி ஊக்கப்படுத்திக்கொண்டிருக்கும் நிலை இதிலிருந்து அதிகம் விலகியதல்ல.

பூனைக்கு விருப்பம் இருக்கிறதா என்பது அடுத்த சிக்கல். எலி, புறா உள்ளிட்ட பல விலங்குகள், இலவசமாக உணவு பக்கத்தில் இருந்தாலும் உழைத்து எடுக்கும் உணவிலும் ஓரளவு நாட்டம் காட்டுகின்றன. அமெரிக்காவில் மிக்கேல் டெல்காடோவும் உடன் ஆய்வாளர்களும் 17 வீட்டுப் பூனைகளுக்குப் புதிரையும் திறந்த தட்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, பெரும்பாலானவை தட்டில் இருந்ததையே அதிகம் தின்றன. சுறுசுறுப்பாக ஓடியாடும் பூனைதான் புதிரைத் தேடிப் போகும் என்ற எதிர்பார்ப்பும் பலிக்கவில்லை. புடாபெஸ்டில் ஆதம் மிக்லோஷியின் குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. மனிதர் கைநீட்டிக் காட்டும் இடத்தில் உணவைத் தேடுவதில் நாய்க்கும் பூனைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. எடுக்கவே முடியாதபடி உணவைக் கட்டிவைத்தபோது மட்டும் நாய் வளர்த்தவர் முகத்தைப் பார்த்தது. பூனை அவ்வளவாகப் பார்க்காமல் தானே முயன்றுகொண்டிருந்தது. நாய்களுக்கென்று வகுத்த சோதனைகளைப் பூனைக்கு அப்படியே மாற்றினால் மதிப்பெண் எங்கே குறையும் என்று இதிலிருந்து ஊகிக்கலாம்.

இதற்கு நியாயமான ஓர் எதிர்ப்பு உண்டு. தோற்றால் விருப்பமில்லை, வென்றால் அறிவு என்று சொல்லிக்கொண்டே போனால், பூனையை ஒருநாளும் தோற்க விடாத வாதமாக அது ஆகிவிடும். எதிர்ப்பு சரிதான், ஆனால் விருப்பத்தை அறிவிலிருந்து பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. இங்கிலாந்தில் பிரிட்டா ஓஸ்தவுஸும் உடனிருந்தவர்களும் 2009-இல் வெளியிட்ட, நூலிழையை இழுக்கும் சோதனை அப்படிப்பட்டது. ஒற்றை நூலின் முனையில் தீனி இருந்தபோது 15 பூனைகளும் இழுத்து எடுத்தன. ஆசை இருக்கிறது, இழுக்கவும் தெரிகிறது. பிறகு இரண்டு நூல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றில் மட்டும் தீனி கட்டினால், எந்தப் பூனையும் சரியான நூலைத் தொடர்ந்து தேர்ந்தெடுக்கவில்லை. நூல்களைக் குறுக்காக வைத்தபோது ஒரு பூனை எப்போதும் தவறான நூலையே இழுத்தது. மற்றவை குத்துமதிப்பாக இழுத்தன. இங்கே சோம்பல் என்று சாக்குச் சொல்ல இடமில்லை. நூலுக்கும் தீனிக்கும் உள்ள தொடர்பு அவற்றுக்குப் பிடிபடவில்லை என்றே கொள்ள வேண்டும். இதை வைத்துப் பூனைக்குக் காரண காரியமே தெரியாது என்று தாவிவிடவும் முடியாது. ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் பூனை எந்த வேலையும் செய்ய வேண்டியதில்லை. ஒரு பெட்டியைக் குலுக்கிவிட்டுக் கவிழ்த்தார்கள். கடகடத்த பெட்டியிலிருந்து ஒன்றும் விழாதபோதும், சத்தமே வராத பெட்டியிலிருந்து பொருள் விழுந்தபோதும் 30 பூனைகள் அதிக நேரம் உற்றுப் பார்த்தன. கேள்வியைக் காதுவழி கேட்டால் பதில் கிடைக்கிறது, பாதம்வழி கேட்டால் கிடைப்பதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பதுங்கியிருந்து ஓசையை வைத்து இரையைப் பிடிக்கும் விலங்குக்கு அது வியப்பில்லை.

வீட்டில் சோதிக்க விரும்புபவர் இதே முறையைச் சிறிய அளவில் பின்பற்றலாம். முதலில் மூடாத கிண்ணத்தில் தீனியை வைக்க வேண்டும். அதைத் தின்னாத நாளில் புதிரை எடுக்கவே கூடாது. தின்றால், மூன்று கிண்ணங்களைக் கவிழ்த்து ஒன்றின் அடியில் மட்டும் தீனியை மறைக்கலாம். மூக்கால் கண்டுபிடிப்பதைத் தடுக்க, மூன்று கிண்ணங்களிலும் அதே தீனியைத் தடவி வைக்க வேண்டும். தீனி இருக்கும் இடத்தைத் தாயக்கட்டை உருட்டித் தீர்மானிப்பது நல்லது, ஏனென்றால் பூனைகள் ஒரே பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும், மனிதரும் தம்மை அறியாமல் ஓர் ஒழுங்கில் வைப்பார்கள். தீனியை மறைத்தவர் அறையை விட்டுப் போய்விட, இடம் தெரியாத இன்னொருவர் பூனையை விடுவது அதைவிட முக்கியம். எண்ணிக்கையையும் கவனிக்க வேண்டும்: மூன்று கிண்ணங்களில் பத்து முறைக்கு ஐந்து முறை சரியாகத் தொட்டால் கெட்டிக்காரத்தனம்போல் தெரியும், ஆனால் கண்ணை மூடித் தொட்டாலே ஏறக்குறைய ஐந்தில் ஒரு வாய்ப்பில் அந்த அளவோ அதற்கு மேலோ கிடைத்துவிடும். ஏழு முறை சரியென்றால் அந்த வாய்ப்பு நூற்றில் இரண்டாகக் குறைகிறது. மறைக்கும் நேரத்துக்கும் தேடவிடும் நேரத்துக்கும் இடையே நீண்ட தாமதமும் வேண்டாம். சில்வேன் பிசே, பிரான்சுவா டோரே ஆகியோரின் 2006 ஆய்வில், பொருள் மறைந்த இடத்தைப் பற்றிய பூனையின் நினைவு 30 வினாடிக்குள்ளேயே கணிசமாகச் சரிந்தது. 60 வினாடியிலும் முற்றிலும் அழிந்துவிடவில்லை.

தார்ன்டைக் செய்ததுபோலப் பட்டினி போட்டுச் சோதிப்பது வீட்டுக்கு ஆகாது. சில நாள் சரியாகத் தின்னாத பூனைக்கு, குறிப்பாகப் பருத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்து வரலாம். தீனி ஒருநாள் உணவின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவு. பக்கத்து வீட்டுப் பூனையோடு ஒப்பிடுவதால் பயனில்லை. அதே பூனையை அதனோடே மாதக்கணக்கில் ஒப்பிடுவதில் பயன் உண்டு. பழகிய புதிரை இத்தனை நாள் எளிதாகத் திறந்த வயதான பூனை திடீரென்று விட்டுவிட்டால், மூளைத் தளர்ச்சி என்று முடிவுகட்டுவதற்கு முன் பல்வலி, முன்னங்கால் மூட்டுவலி, பார்வைக் குறைவு ஆகியவற்றைக் கால்நடை மருத்துவரிடம் காட்டிப் பார்க்க வேண்டும். மூட்டுத் தேய்மானம் வயதான பூனைகளிடம் மிகப் பரவலாக இருக்கிறது; அவை வலியை வெளிக்காட்டாததால் அது பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை.