டெரி ஃபாக்சின் நம்பிக்கை மாரத்தான்

கனடாவின் கிழக்குக் கோடியிலுள்ள செயின்ட் ஜான்ஸ் நகரில், 1980 ஏப்ரல் 12 அன்று, 21 வயது இளைஞர் ஒருவர் தம் செயற்கைக் காலை அட்லாண்டிக் கடலில் நனைத்துவிட்டு மேற்கு நோக்கி ஓடத் தொடங்கினார். அவர் பெயர் டெரி ஃபாக்ஸ். பசிபிக் கரைவரை ஓடிப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டுவது அவர் நோக்கம். இந்த ஓட்டமே 'நம்பிக்கை மாரத்தான்' எனப்பட்டது.

டெரி 1958இல் வின்னிபெக்கில் பிறந்து, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் வளர்ந்தவர், கூடைப்பந்து ஆட்டக்காரர். 1977இல் எலும்புப் புற்றுநோயால் அவருடைய வலது கால் முழங்காலுக்கு மேலே அகற்றப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இந்நோய் வந்திருந்தால் பிழைக்கும் வாய்ப்பு 15 விழுக்காடுதான், இப்போது 50 விழுக்காடு என்று அவரிடம் கூறப்பட்டது. இடைப்பட்ட காலத்து ஆராய்ச்சியே இந்த வேறுபாட்டைத் தந்தது. பணம் ஆராய்ச்சிக்கே போக வேண்டும் என்று அவர் கேட்டதன் காரணம் இதிலிருந்து விளங்கும். சிகிச்சை நடந்த 16 மாதங்களில் உடனிருந்த நோயாளிகள் பட்ட துன்பத்தையும் அவர் கண்டிருந்தார்.

அன்றைய செயற்கைக் கால் நடப்பதற்கென்று செய்யப்பட்டது. அதைக் கொண்டு ஓட, நல்ல காலால் இருமுறை தத்தி, பிறகு செயற்கைக் காலை ஊன்ற வேண்டியிருந்தது. வெட்டுப்பட்ட இடம் உராய்ந்து புண்ணாகும்; இரத்தம் கசியும். அப்படியே நாள்தோறும் ஏறத்தாழ 42 கிலோமீட்டர், அதாவது ஒரு முழு மாரத்தான் தூரம் ஓடினார். நண்பர் டக் ஆல்வர்ட் வேனில் உடன் வந்தார்.

தொடக்கத்தில் பல ஊர்களில் யாரும் பொருட்படுத்தவில்லை. ஆனால் ஏறத்தாழ 10,000 பேர் வாழ்ந்த போர்ட் ஓ பாஸ்க் என்னும் சிற்றூர் 10,000 டாலர் கொடுத்தது. கனடியர் ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு டாலர் என்ற இலக்கு நடக்கக்கூடியதுதான் என்று இது காட்டியது. அப்போது நாட்டின் மக்கள்தொகை சுமார் 2.4 கோடி. புற்றுநோய்க்கு மகனைப் பறிகொடுத்திருந்த விடுதித் தொழிலதிபர் இசடோர் ஷார்ப், மைலுக்கு 2 டாலர் தருவதாக அறிவித்து மற்ற நிறுவனங்களையும் அழைத்தார். ஜூலையில் டொராண்டோவை அடைந்தபோது பெருங்கூட்டம் திரண்டிருந்தது.

செப்டம்பர் 1 அன்று தண்டர் பே அருகே ஓட்டம் நின்றது. நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடியிருந்தார். அதுவரை சேர்ந்த தொகை 17 லட்சம் டாலர்தான்! அடுத்த வாரமே ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டியது. 1981 பிப்ரவரியில் தொகை 2.4 கோடியைக் கடந்தது. இலக்கு நிறைவேறியதை அறிந்த பிறகே, 1981 ஜூன் 28 அன்று டெரி இறந்தார்.

அதே ஆண்டு செப்டம்பரில் அவர் பெயரால் நடந்த முதல் ஓட்டத்தில் 3 லட்சம் பேர் கலந்துகொண்டனர். பின்னர் இது பல நாடுகளுக்கும் பரவியது, சென்னையிலும் நடந்துள்ளது. டெரி விரும்பியபடி இதில் முதலிடம், இரண்டாமிடம் என்று எதுவும் இல்லை. ஓடலாம், நடக்கலாம், சக்கர நாற்காலியிலும் வரலாம்.