தேய்ந்துபோன ஓர் எழுத்து

முன்பு நிகழ்ந்து இன்று நின்றுபோனதைக் குறிக்கும் 'யூஸ்ட் டு' என்ற ஆங்கிலத் தொடரை, 'யூஸ்ட்' இன் ஈற்றெழுத்தான 'டி' யை விட்டு எழுதுவோர் பலர், ஆங்கிலேயரும் விலக்கல்லர். செய்திப் பிரதிகளைத் திருத்துகையில் இதனை அடிக்கடி கண்டிருக்கின்றேன்.

காரணம் பேச்சொலியே. அந்த 'டி', அடுத்துவரும் 'டு' வின் ஒலியில் கரைந்துவிடுகின்றது.

முற்காலத்தில் 'யூஸ்' என்ற வினை, வழக்கமாகச் செய்வதை நிகழ்காலத்திலும் குறித்தது. 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் விவிலியத்திலும் அவ்வழக்கைக் காணலாம். பின்னர் நிகழ்காலம் வழக்கொழிந்தது, இறந்தகாலமே எஞ்சியது. 'இக்கிராமத்தில் மக்கள் வாழ்ந்துவந்தனர்' என்ற செய்தியில், அவர்கள் இன்று அங்கில்லை என்பதை உணர்த்துவதும் இத்தொடரே. அதில் எழுத்துப்பிழை எனக்கு உறுத்தும்.

'டிட்' முன்வரும் வினாவிலும் எதிர்மறையிலும் மட்டும் 'யூஸ் டு' என எழுதுவதே முறை. அங்கு இறந்தகாலத்தை 'டிட்' சுமக்கின்றது.