சூரியனில் கறை: முதலில் பார்த்தவர் யார்?

கலிலியோ 1612 கோடையில் வரைந்த சூரியப் படங்களை ரொம்ப நாளாகவே இறக்கி வைத்திருந்தேன். போன ஞாயிறு நல்ல மழை, வெளியே போக வழியில்லை. ஜூன் 2 தொடங்கி ஜூலை 8 வரையிலான படங்களைத் தேதிவாரியாக அடுக்கி, ஒரு சின்ன நிரல் எழுதி ஓட விட்டேன். சூரியன் சுத்துது! நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தர் கையால் வரைந்தது, சினிமா மாதிரி நகருது. அந்த உற்சாகத்தில் படித்துத் தொகுத்ததுதான் இந்தக் குறிப்பு.

சூரியப் புள்ளிகளைத் தொலைநோக்கியில் முதலில் கண்டவர் கலிலியோ என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நாலு இடங்களில் பார்த்திருக்கிறார்கள்.

முதல் ஆள் இங்கிலாந்தின் தாமஸ் ஹாரியட். லண்டனுக்குப் பக்கத்தில் சையன் ஹவுஸில் இருந்துகொண்டு, 1610 டிசம்பரில் புள்ளிகளை வரைந்தார். 1613 ஜனவரி வரை சுமார் 200 படங்கள். ஒன்றைக்கூட அவர் அச்சிடவில்லை.

இரண்டாவது, ஜெர்மனியின் வடகடல் ஓரத்து ஓஸ்டீல் கிராமத்தில் அப்பாவும் மகனும்: டேவிட் ஃபப்ரீசியஸ், யோஹான்னஸ் ஃபப்ரீசியஸ். 1611 மார்ச்சில் உதயசூரியனை நேராகவே தொலைநோக்கியில் பார்த்தார்கள். கண் தாங்கவில்லை. பிறகு இருட்டறையில் சின்ன ஓட்டை வழியாகப் பிம்பத்தை விழ வைத்துப் பார்த்தார்கள். (யாரும் நேராகப் பார்த்துடாதீங்க, கண் போயிடும்.) அதே வருஷம் யோஹான்னஸ் புத்தகம் போட்டார். சூரியப் புள்ளிகள் பற்றி அச்சில் வந்த முதல் நூல் அதுதான். சூரியன் தன்னைத்தானே சுற்றுகிறது என்றும் சரியாகவே ஊகித்தார். ஆனால் புள்ளிகளின் படம் ஒன்றுகூட அதில் இல்லை. புத்தகம் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 1616ல், முப்பது வயதுகூட ஆகாமல், அவர் இறந்துபோனார்.

மூன்றாவது, இங்கோல்ஷ்டாட் நகரின் யேசு சபைப் பேராசிரியர் கிறிஸ்டோஃப் ஷைனர். இவருக்கு ஒரு சிக்கல். வானுலகம் மாசற்றது, மாறாதது என்பது அரிஸ்டாட்டில் வழி வந்த பாடம். நிலாவில் களங்கம் உண்டு, சரி. சூரியனுக்கு எப்படிக் கறை வரும்? சொந்தப் பெயரில் வெளியிட வேண்டாம் என்று சபையின் மேலிடமும் சொல்ல, 'அப்பெல்லஸ்' என்ற புனைபெயரில் 1612 ஜனவரியில் மூன்று கடிதங்களாக வெளியிட்டார். அவர் முடிவு: இவை சூரியனில் இல்லை, சூரியனைச் சுற்றும் சின்னச் சின்னக் கோள்கள். அவற்றின் நிழலுருவைத்தான் பார்க்கிறோம்.

அந்தக் கடிதங்கள் ஆக்ஸ்பர்க் நகரப் பிரமுகர் மார்க் வெல்சர் வழியாகக் கலிலியோவுக்குப் போயின. அவரும் ஏற்கெனவே புள்ளிகளைப் பார்த்திருந்தார். அவருடைய மாணவர் காஸ்டெல்லி ஒரு நல்ல வழி கண்டுபிடித்திருந்தார்: தொலைநோக்கிக்குப் பின்னால் காகிதத்தைப் பிடித்து, பிம்பத்தை அதில் விழ வைத்து, புள்ளி இருக்கும் இடத்திலேயே மை வைப்பது. தினமும் ஒரு படம்.

அந்தப் படங்களை வைத்துத்தான் கலிலியோ வாதாடினார். புள்ளி விளிம்புக்குப் போகும்போது ஒடுங்குகிறது, வேகமும் குறைகிறது. பந்தின் மேல் ஒட்டிய பொட்டு இப்படித்தான் தெரியும். நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுற்று 27 நாள் என்றால் ஒரு நாளைக்கு 13 டிகிரி சொச்சம். தட்டின் நடுவில் ஒரே நாளில் ஆரத்தில் 23 சதவீதம் நகரும். விளிம்பை விட்டு வரும் முதல் நாளில் 3 சதவீதம்கூட இல்லை. சூரியனை விட்டுத் தள்ளி, ஆரத்தைப் போல இரு மடங்கு தூரத்தில் சுற்றும் பொருளாக இருந்தால், கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் கடந்துவிடும். படங்கள் யார் பக்கம் என்பதில் சந்தேகமே இல்லை.

1613ல் ரோமில் லின்சேயி கழகம் அவருடைய கடிதங்களைப் படங்களோடு வெளியிட்டது. பண்டிதர்களின் லத்தீனில் இல்லை, இத்தாலிய மொழியில். கறை சூரியனிலேயேதான் இருக்கிறது, அது தோன்றி மறைகிறது, வானமும் மாறக்கூடியதே என்பது ஊருக்கே தெரிந்த விஷயமானது.

ஷைனர் கதை அத்தோடு முடியவில்லை. அவர் வரைவதை நிறுத்தவே இல்லை. 1630ல் அச்சாகி முடிந்த 'ரோசா உர்சினா' என்ற பெருநூலில், புள்ளிகள் சூரியனில்தான் என்று ஒப்புக்கொண்டார். சூரியனின் அச்சு சுமார் 7 டிகிரி சாய்ந்திருப்பதையும் அளந்து சொன்னார். அதே நூலில், முதல் கண்டுபிடிப்பு என்னுடையதே என்று கலிலியோவைத் திட்டித் தீர்த்திருக்கிறார்! கலிலியோவும் 1632ல் வந்த 'உரையாடல்' நூலில் புள்ளிகளின் வளைந்த பாதையை பூமி சுற்றுவதற்குச் சான்றாகக் காட்டினார். அடுத்த வருஷம் விசாரணை, வீட்டுச் சிறை.

இவ்வளவு படித்த பிறகு, 'யார் முதலில்' என்ற கேள்வியே எனக்குச் சின்னதாகத் தெரிகிறது. பார்த்ததில் ஹாரியட் முதல். அச்சிட்டதில் ஃபப்ரீசியஸ் முதல். ஆனால் வாதத்தைத் தீர்த்தது தேதி போட்ட படங்கள்தான். ஷைனரைத் தன் கருத்தை மாற்றிக்கொள்ள வைத்தது அவரே வரைந்த படங்களும்தான் என்று நினைக்கிறேன்.

என் தொழிலில் தினமும் சொல்வோம்: லாக் இல்லாத பிழை, பாதிக் கதை. 1645 முதல் 1715 வரை சூரியனில் புள்ளிகள் மிக அரிதாக இருந்தன என்று இன்றைக்கு நமக்குத் தெரிவது, பலர் சலிக்காமல் குறித்து வைத்ததால்தான். அதில் ஹாரியட்டுக்கும் இடம் கிடைத்துவிட்டது. பல தலைமுறை தூங்கிக் கிடந்த அவருடைய தாள்களிலிருந்துதான் 1610 டிசம்பர் சூரியனை இன்றைய ஆய்வாளர்கள் எண்ணுகிறார்கள். அவர் ஒரு வரிகூட வாதாடவில்லை. ஆனால் தேதி போட்டிருந்தார்.