ஒரு குடும்பத்தின் துயரமும் ஒரு கட்டியின் சான்றும்

1895ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் வாழ்ந்த தையற்காரப் பெண் ஒருவர், மிச்சிகன் பல்கலைக்கழக நோய்க்குறியியல் ஆசிரியர் ஆல்ட்ரெட் வார்தினிடம் தம் அச்சத்தைக் கூறினார். தம் வீட்டாரில் பலரும் குடலிலோ கருப்பையிலோ புற்று கண்டு மாண்டனர்; தாமும் இளவயதிலேயே மடிவது உறுதி என்றார். அவ்வாறே கருப்பைப் புற்றால் இறந்தார். வார்தின் அக்குடும்ப வரலாற்றை 1913இல் வெளியிட்டும் மருத்துவ உலகம் பெரிதாகக் கொள்ளவில்லை.

அந்த இழையை மீண்டும் பற்றியவர் ஹென்றி லிஞ்ச். இத்தகைய இரு குடும்பங்களைப் பற்றி 1966இல் எழுதினார். மறு ஆண்டு, ஓமஹாவில் இயேசு சபையாரின் கிரைட்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். புற்றுநோய் சூழலால் மட்டுமே விளைவது என்று அறிஞர் பலர் நம்பிய காலம் அது. ஆய்வுக்குப் பொருளுதவி பன்முறை மறுக்கப்பட்டது. அவரோ குடும்பங்களைத் தேடிச் சென்று உறவுமுறைகளையும் இறப்புக் காரணங்களையும் பொறுமையாகத் தொகுத்தார். வீட்டாரின் நினைவைச் சான்றாக மதித்த அந்தப் பணிவே, நம் பார்வையில், அவருடைய பெருமை.

1993இலும் 1994இலும் காரணம் வெளிப்பட்டது. உயிரணு பிரியும்போது அதன் மரபுச் செய்தி எழுத்தெழுத்தாகப் படியெடுக்கப்படுகிறது. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவோரைப் போல, பிழை களையும் மரபணுக்கள் சில உள்ளன. அவை பழுதுற்றால் பிழைகள் குவிந்து புற்றாகலாம். தையற்காரப் பெண்ணின் குடும்பத்திலும் அவற்றுள் ஒன்றான எம்.எஸ்.எச்.2 பழுதுற்றிருந்தது 2000ஆம் ஆண்டில் உறுதியாயிற்று.

வியப்பு அதன்பின் வந்தது. பிழை மிகுந்த கட்டி, உடலின் எதிர்ப்பாற்றலுக்கு அந்நியமாகத் தெரிகிறது. அந்த ஆற்றலைத் தடுக்கும் பூட்டைத் திறந்தால் கட்டியைத் தாக்குகிறது. பெம்புரோலிசுமாப் என்னும் மருந்து அதைச் செய்வதை 2015இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் காட்டினர். 2017இல் அமெரிக்க அரசு, எந்த உறுப்பில் தோன்றியது என்று பாராமல், இப்பழுதுள்ள கட்டிகளுக்கு அதனை ஏற்றது. 2020இல், பரவிவிட்ட பெருங்குடல் புற்றுக்கு முதல் சிகிச்சையாகவும் ஏற்றது. ஆயினும் பரவிய நோயாளர் நூற்றுவரில் ஏறத்தாழ ஐவரிடமே இப்பழுது உண்டு, விலையோ மிகுதி. மற்றவர்க்கும் சோதனை பயன்படுகிறது: கே.ராஸ் மரபணு மாறியிருந்தால் செட்டுக்சிமாப் பலிக்காது என்பது 2008 வாக்கில் தெளிவாயிற்று.

கட்டியில் பழுது தெரிந்தாலே அது பரம்பரையானது என்றாகாது; பெரும்பாலும் அன்று. இரத்தச் சோதனையில் பரம்பரை என உறுதியானால், நோயாளியின் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது பாதிக்குப் பாதி வந்திருக்கக்கூடும். உடன்பிறந்தோர்க்கும் பெரும்பாலும் அவ்வாறே. இளவயதிலிருந்தே ஓரிரு ஆண்டுக்கொருமுறை குடல் உள்நோக்கிச் சோதனை செய்தால், புற்றாகுமுன் சதைவளர்ச்சியை அகற்றிவிடலாம். அதற்கு முதலில், படுக்கையில் இருப்பவர் தம் அண்ணன் தம்பிகளிடமும் அக்காள் தங்கைகளிடமும் செய்தியைச் சொல்லவேண்டும்.