கொங்கு மண்ணில் ரோமாபுரி வெள்ளி

கிடைத்தற்கரிய காசே பெருமையுடையது என்பது நாணயம் சேகரிப்போர் பலரின் கொள்கை. சீசரைக் கொன்ற புரூட்டஸ் கி.மு. 42-இல், இரு குத்துவாளும் ஒரு குல்லாயும் பொறித்து அடித்த வெள்ளிக் காசுக்கு அவர்கள் பொருளை வாரி இறைப்பர். கொங்கு நாட்டுப் புதையல்களில் மிகுதியாய்க் கிடைத்த அகஸ்டஸ், டைபீரியஸ் சக்கரவர்த்திகளின் டெனாரியஸ் காசுகளையோ, மலிந்தவை என்று தள்ளுவர். நாம் இதனை ஒப்போம்.

அம்மலிவிலன்றோ சரித்திரம் இருக்கின்றது! கி.பி. 64-இல் நீரோ, ஒரு ரோம ராத்தல் வெள்ளியில் 84 காசு அடித்த வழக்கத்தை மாற்றி 96 அடிப்பித்தான்; வெள்ளியின் மாற்றையும் தாழ்த்தினான். அதன் பின் அடித்த வெள்ளிக் காசுகள் தமிழகத்தில் மிகச் சிலவே அகப்பட்டுள்ளன. மிளகு விற்ற நம் முன்னோர் காசிலுள்ள அரசன் முகத்திற்கு மயங்காது, நிறையையும் மாற்றையுமே பார்த்தனர் என்று நாம் கருதுகிறோம்.

ஒற்றைக் காசு இதனைச் சொல்லாது. பானையோடும், கிடைத்த ஊரோடும், எவர் காசு எத்தனை என்னும் கணக்கோடும் இருந்தாலே சொல்லும். ஆனால் உழவர் கண்டெடுத்தவற்றில் எத்தனையோ தட்டான் உலையில் உருகின. எஞ்சியவற்றிலும் பல, ஊர்ப்பெயரிழந்து வியாபாரிகள் கையிற் சிதறின. 10 ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்கு அறிவித்தல் வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அவ்வாறு வந்து சேர்ந்தவை பல, சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.